ஓராண்டு ஒப்பந்தமும் 480 நாளும்: அலெக்ஸியேவிச்சைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து படித்தல்

ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் ‘செகண்ட்-ஹேண்ட் டைம்’ எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம். அதனாலேயே அதோடு எனக்கு ஒரு சண்டை இருக்கு. பிடிக்காத புத்தகத்தோடு யார் மெனக்கெட்டுச் சண்டை போடுவாங்க?

சண்டை இதுதான். மக்கள் ஏன் அடங்கிப்போகிறார்கள் என்ற கேள்விக்கு அவர் தருகிற விடை எப்போதும் மனிதனுக்கு உள்ளே இருக்கிறது. எழுபது வருட சோவியத் வாழ்க்கை ஒரு தனி வகை ஆளை உண்டாக்கிவிட்டது, அவனுக்குக் கஷ்டத்தைத் தாங்கத் தெரியும், சுதந்திரம் கையில் வந்தால் என்ன செய்வதென்று தெரியாது என்கிறார். அவருடைய சொல்லில் ‘சிவப்பு மனிதன்’. புத்தகத்தின் முன்னுரையே தன்னை அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அது நேர்மையான காரியம். ஆனால் நான் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிலும் அதே அடக்கத்தைத் தினமும் பார்க்கிறேன். இங்கே ஸ்டாலினும் இல்லை, குலாக்கும் இல்லை. வாக்குரிமை இருக்கு, கட்சிகள் இருக்கு, கொடிக்கம்பம் தெருவுக்கு நாலு இருக்கு. இருந்தும் ஷிப்ட் முடிந்து கேட்டை விட்டு வருகிறவரிடம் உள்ளே என்ன நடக்குதுன்னு கேட்டால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். அப்படியென்றால் காரணத்தை ஆன்மாவில் மட்டும் தேடினால் போதாது.

எனக்குத் தெரிந்து அந்தக் காரணத்தில் பெரிய பங்கு ஒரு தாளுக்கு இருக்கு. வேலை ஒப்பந்தத் தாள். அலெக்ஸியேவிச்சின் புத்தகத்தில் அந்தத் தாள் ஏன் கண்ணில் படவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், பெலாரஸ் பற்றி நாம் ஏன் கவலைப்படணும் என்று கேட்கிறவர்களுக்காக ரெண்டு வார்த்தை. போலந்து, லித்துவேனியா, லாத்வியா, உக்ரைன், ரஷ்யா என்று ஐந்து நாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட, சுமார் 90 லட்சம் பேர் வாழும் நாடு. 1991இல் தனி நாடானது. 1994இலிருந்து ஒரே அதிபர், அலெக்ஸாண்டர் லுகஷென்கோ. மற்ற சோவியத் குடியரசுகள் தொண்ணூறுகளில் தொழிற்சாலைகளை விற்றுத் தீர்த்தபோது இவர் பெரிய ஆலைகளை அரசின் கையிலேயே வைத்துக்கொண்டார். டிராக்டர், லாரி, சுரங்க டம்பர், உரம் எல்லாமே அரசு ஆலைகள்தான். நம்ம மாவட்டத்துக்கும் அதற்கும் ஒரு விதத்தில் பங்காளி உறவு உண்டு. திருவள்ளூருக்குப் பக்கத்தில் மேல்நல்லாத்தூரில், முன்பு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸிடம் இருந்து பிறகு கேட்டர்பில்லர் கைக்குப் போன ஆலையில் சுரங்கத்துக்கான ராட்சத டம்பர்களைச் செய்கிறார்கள். பெலாரஸின் ஜோடினோ நகரத்தில் பெலாஸ் ஆலை செய்வதும் அதே பண்டம்தான். நம் நிலக்கரிச் சுரங்கங்களில் ரெண்டும் ஓடுது.

உரத்தில் உறவு இன்னும் நெருக்கம். இந்தியாவுக்கு வேண்டிய பொட்டாஷ் வெளிநாட்டிலிருந்துதான் வரணும். உலகத்தில் அதை அதிகமாக எடுக்கும் மூன்று நாடுகள் கனடா, ரஷ்யா, பெலாரஸ். பொன்னேரி பக்கத்து நெல் வயலுக்குப் போடுகிற சிவப்புப் பொட்டாஷில் பெலாரஸின் சாலிகோர்ஸ்க் சுரங்கத்து உப்பும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. 2021, 22இல் மேற்கு நாடுகள் அந்தப் பொட்டாஷுக்குத் தடை போட்டன, உக்ரைன் போரும் சேர்ந்துகொண்டது, இங்கே மூட்டை விலை எகிறியது. 2025 டிசம்பரில் அமெரிக்கா பொட்டாஷ் தடையை நீக்கியது, பதிலுக்கு மின்ஸ்க் 123 கைதிகளை விடுவித்தது. 2022இல் அமைதிக்கான நோபல் பெற்ற அலேஸ் பியாலியாத்ஸ்கி அவர்களில் ஒருவர். மனிதர்களுக்கு உர மூட்டையில் விலை வைத்த அந்தப் பேரத்தைப் பற்றித் தனியாக எழுதணும். இப்போது புத்தகத்துக்கு வர்றேன்.

‘செகண்ட்-ஹேண்ட் டைம்’ 2013இல் ரஷ்ய மொழியில் வந்தது. 2015இல் அலெக்ஸியேவிச்சுக்கு நோபல் கிடைத்தது. 2016இல் வந்த பெலா ஷயேவிச்சின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் படித்தேன். அவருடைய முறை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போவார். பெரும்பாலும் சமையலறையில் உட்கார்ந்து பேசுவார். பல மணி நேரம், சில பேரிடம் பல வருஷம். பிறகு தன் கேள்விகளை எடுத்துவிட்டு, பேசியவரின் பேச்சை மட்டும் ஒரே ஓட்டமாக வைப்பார். மகன் தற்கொலை செய்துகொண்ட அம்மா, கட்சி அட்டையைக் கடைசிவரை விடாத கிழவர், விஞ்ஞானியாக இருந்து சந்தையில் பொருள் விற்கப்போனவர் என்று ஒவ்வொருத்தரும் நேரே நம்மிடம் பேசுகிற மாதிரி இருக்கும். எனக்கு ஒரு இரவில் நாற்பது பக்கத்துக்கு மேல் போக முடிந்ததில்லை.

இந்த முறை மேல் விமர்சனம் புதுசு இல்லை. அவர் பதிப்புக்குப் பதிப்பு சாட்சிகளின் வாக்கை மாற்றியிருக்கிறார், ஒருத்தர் சொன்னதை வேறு இடத்தில் வேறு மாதிரி வைத்திருக்கிறார் என்று 2016இல் சோஃபி பிங்கம் ‘நியூ ரிபப்ளிக்’ பத்திரிகையில் எழுதினார். அதற்கு முன்னால், ஆப்கான் போர் பற்றிய புத்தகத்துக்காக மின்ஸ்க் நீதிமன்றத்திலேயே அவர் மேல் வழக்கு நடந்தது. எனக்கு அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. கேட்டதை அப்படியே எழுதினால் அது தட்டச்சு, புத்தகம் ஆகாது. எனக்கு உறுத்துவது வேறு இடம். கேள்வியை எடுத்துவிடுகிறார் இல்லையா, அங்கே.

மனுஷன் கேட்டதற்குத்தான் பதில் சொல்வான். ‘அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது?’ என்று கேட்டால் தோன்றியதைச் சொல்வான். ‘உன் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது?’ என்று கேட்டால் தேதியைச் சொல்வான். புத்தகத்தில் கேள்வி அச்சாகாததால் எது கேட்கப்படவில்லை என்பதும் நமக்குத் தெரியாமல் போகிறது. பேசியவர் தன் மனசைக் கொட்டியது மட்டும் மிஞ்சுகிறது. நாமும், ஓஹோ, இவர்கள் வாழ்க்கையே மனசுதான் போலிருக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். காதல், போர், சாவு, நம்பிக்கை எல்லாம் பக்கம் பக்கமாக வருது. சம்பளச் சீட்டு எப்போதாவது தலைகாட்டுகிறது. வேலை ஒப்பந்தத்தைப் பற்றி ஒருத்தர் உட்கார்ந்து பேசியதாக எனக்கு ஞாபகத்தில் நிற்கும் பக்கம் ஒன்றுகூட இல்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடணும். அந்தப் புத்தகம் பெரும்பாலும் ரஷ்யாவைப் பற்றியது. பெலாரஸ் கடைசியில்தான் தலை காட்டுகிறது. 2010 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு மின்ஸ்க் சதுக்கத்தில் அடிவாங்கி, உள்ளே இருந்துவிட்டு வந்த ஒரு மாணவியின் பேச்சு வரும். அதற்குப் பிறகு முடிவுரை மாதிரி ஒரு சாதாரணக் கிராமத்துப் பெண் ஒன்றிரண்டு பக்கம் பேசுவாள். மேலே யார் வந்தாலும் போனாலும் எங்களுக்கு ஒன்றுதான், உருளைக்கிழங்கு நடணும், குளிரைத் தாண்டணும் என்கிற தொனி. புத்தகம் அதோடு முடிகிறது. நல்ல முடிவு என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. மாணவிக்குத் தைரியம், கிராமத்துக்காரிக்குப் பொறுமை. ரெண்டுக்கும் நடுவில் அந்த நாட்டை உண்மையில் தாங்கி நிற்கிற ஆள், காலை ஷிப்டுக்குப் போகிறவர், எங்கே போனார்?

அவர் எங்கே என்பதற்கு விடை 1999 ஜூலை 26ஆம் தேதி லுகஷென்கோ கையெழுத்திட்ட ஆணை எண் 29இல் இருக்கிறது. வேலை உறவுகளை மேம்படுத்தவும் ஒழுங்கை வலுப்படுத்தவும் என்று அதற்குப் பேர். செய்தது என்னவென்றால், நிரந்தர வேலையில் இருந்தவர்களையும் ஒப்பந்தத்துக்கு மாற்றலாம் என்றது. குறைந்தது 1 வருடம், அதிகம் 5 வருடம். சில வருஷத்தில் நாட்டின் பெரும்பாலான ஊழியர்கள் இந்த ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆசிரியர், நர்ஸ், டிராக்டர் ஆலைத் தொழிலாளி எல்லோரும். காலம் முடிந்தால் புதுப்பிக்காமல் விட முதலாளி காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காலம் முடிவதற்குள் தொழிலாளி தன் இஷ்டத்துக்கு வேலையை விட்டுப் போக முடியாது, தக்க காரணமோ நிர்வாகத்தின் சம்மதமோ வேணும். 2012 டிசம்பரில் வந்த ஆணை எண் 9 இன்னும் ஒரு படி மேலே போய், மர ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் நிர்வாகம் விட்டால்தான் வெளியே போகலாம் என்றது. 2015இல் ஆணை எண் 3. வருஷத்தில் 183 நாளுக்குக் குறைவாக வேலை பார்த்து வரிப்பங்கு செலுத்தாதவர்கள் அரசுக்குத் தனிக் கட்டணம் கட்டணும் என்றது. மக்கள் இதற்கு வைத்த பேர் ‘ஒட்டுண்ணி வரி’. 2017 பிப்ரவரி, மார்ச்சில் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஜனங்கள் இதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள்.

வேலையில் இருந்தால் ஒப்பந்தம் கட்டும். வேலையில் இல்லாவிட்டால் அப்போது வரி கட்ட வேண்டியிருந்தது. இப்படி ஒரு ஏற்பாட்டுக்குள் இருக்கிற ஆள் மேலே பார்த்துக் குரல் கொடுக்கவில்லை என்றால் அதற்கு சோவியத் ஆன்மா எதுக்கு?

2020 ஆகஸ்டைப் பார்ப்போம். 9ஆம் தேதி தேர்தல். லுகஷென்கோவுக்கு 80 சதவீதம் என்று அறிவித்தார்கள். சிகானவ்ஸ்கயாவுக்கு 10 சதவீதம். அடுத்த மூன்று, நாலு நாளில் ஏறக்குறைய 7,000 பேரைப் பிடித்தார்கள், பிடித்தவர்களை அடித்த அடி சிறைச்சுவர் தாண்டி வெளியே கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. மின்ஸ்க் டிராக்டர் ஆலை, லாரி ஆலை, ஜோடினோவின் பெலாஸ், குரோத்னோ உர ஆலை, சாலிகோர்ஸ்க் பொட்டாஷ் சுரங்கம் என்று அரசு ஆலைகளிலேயே தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். 17ஆம் தேதி ஏவுகணை வண்டி செய்யும் ஆலை ஒன்றுக்கு லுகஷென்கோ ஹெலிகாப்டரில் வந்து இறங்கிப் பேசினார். தொழிலாளர்கள் அவர் முகத்துக்கு நேரே, போய்விடு என்று கத்தினார்கள். சாலிகோர்ஸ்கில் ஒரு சுரங்கத் தொழிலாளி பூமிக்கு அடியில் தன்னைக் கைவிலங்கால் பூட்டிக்கொண்டு மேலே வர மறுத்தார். சிவப்பு மனிதன் செய்கிற காரியமா இதெல்லாம்?

ஆனால் அக்டோபர் 26க்கு அறிவித்த பொது வேலைநிறுத்தம் எடுபடவில்லை. கைது, மிரட்டல், போனஸ் வெட்டு எல்லாம் காரணம். இருந்தாலும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தாள்தான். ஒவ்வொருத்தருடைய ஒப்பந்தமும் ஒவ்வொரு தேதியில் முடிகிறது. பக்கத்து லேத்தில் நிற்கிறவனுக்குப் பிப்ரவரி, எனக்கு ஆகஸ்ட். அவன் பேர் பிப்ரவரியில் புதுப்பிக்கப்படவில்லை என்றால் அது பணிநீக்கம் இல்லை, காலம் முடிந்தது, அவ்வளவுதான். யாருக்காகக் கேட்டில் உட்காருவது?

பக்கத்து நாடான போலந்தோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1980 ஆகஸ்டில் கதான்ஸ்க் கப்பல் தளத்தில் அன்னா வாலன்டினோவிச் என்ற கிரேன் ஓட்டுநரை, ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினார்கள். ஒரு வாரத்தில் தளமே நின்றது, அதிலிருந்து சாலிடாரிட்டி பிறந்தது. அங்கே நீக்க ஒரு ஆணை இருந்தது, அந்த ஆணைக்கு எதிராகக் கூட ஒரு கேட் இருந்தது. ஆணை எண் 29 அந்த ஆணையையே தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. போலந்துக்காரனுக்குச் சுதந்திர தாகம் அதிகம், பெலாரஸ்காரன் சாது என்று ஐரோப்பியப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

இப்போது நம்ம பக்கம். தமிழ்நாட்டில் சட்டம் நேர் எதிர்த் திசையில் தொடங்கியது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 1982 ஜனவரி 1இலிருந்து நடைமுறை. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் அந்தத் தொழிலாளி நிரந்தரம். விண்ணப்பமோ சிபாரிசோ வேண்டாம் என்பதுதான் சட்டத்தின் மனசு. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இருப்பதே பெரிய விஷயம். இது மாநிலச் சட்டம் என்பதால் ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தோடு இதன் ஆட்சியும் முடிகிறது. அந்தப் பக்கம் தடா, ஸ்ரீ சிட்டி. நம்ம பசங்க காலையில் கம்பெனி பஸ் ஏறி எல்லையைத் தாண்டும்போது 480 நாளும் இங்கேயே இறங்கிவிடுகிறது.

எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? கவரைப்பேட்டைக்காரத் தம்பி ஒருவர், கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறவர். 480 நாள் சட்டம் தெரியுமா தம்பி என்று கேட்டேன்.

“தெரியும்ணா. கான்ட்ராக்டருக்கும் தெரியும்ணா. அதான் வருசம் முடியறதுக்குள்ள பேரை மாத்திடறாங்க.”

யார் பேரை?

“கான்ட்ராக்டர் பேரைத்தாண்ணா. ஆளு அதே ஆளு. எனக்கு மெஷினு அதே மெஷினு. பி.எஃப். நம்பர்ல கம்பெனி பேரு மட்டும் வேற வரும்.”

கேட்டுப் பார்த்தால்?

“கேட்டா அடுத்த மாசம் கேட் பாஸ் வராதுண்ணா. வேலையை விட்டுத் தூக்குனாங்கன்னு சொல்ல முடியாது. பாஸ் வரலை, அவ்ளோதான்.”

இதைக் கேட்டபோது எனக்கு ஆணை எண் 29தான் ஞாபகம் வந்தது. அங்கே அதிபர் கையெழுத்துப் போட்டுச் செய்ததை இங்கே ஒரு பிளாஸ்டிக் அட்டை செய்துவிடுகிறது. அதிலும் உருக்காலைகளின் ஃபர்னஸ் பக்கம் நிற்கிறவர்களில் பெரும்பகுதி பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பக்கத்து ஆட்கள். கம்பெனிக்குள்ளேயோ பக்கத்திலேயோ தங்கும் கொட்டகை. அவர்களுக்குப் பாஸ் போனால் படுக்கையும் போகும்.

சட்டத்தில் ஓட்டை விழுந்தது ஒரே நாளில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒரு ஆலையில் தடை செய்தாலும் அந்தத் தொழிலாளர்கள் தானாக ஆலையின் நேரடி ஊழியர் ஆகிவிட மாட்டார்கள் என்று 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பயிற்சியாளர் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளியே அல்ல, எனவே அவர் நாளை எண்ணவே முடியாது. பிறகு ‘நீம்’ என்று ஒரு பயிற்சித் திட்டம் வந்தது. சீருடை ஒன்று, வேலை ஒன்று, பேர் மட்டும் டிரெய்னி. 1981 சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அது புத்தகத்தில் பத்திரமாக இருக்கு.

எல்லாவற்றுக்கும் தாள்தான் காரணம் என்று நான் முடித்துவிட்டால் அதுவும் அலெக்ஸியேவிச் செய்த மாதிரியே ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்ப்பதாகிவிடும். இந்த மாவட்டத்திலேயே அதை மறுக்கும் உதாரணம் இருக்கு. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு விஷமானது. 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் செத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. டிசம்பர் 17 ராத்திரி ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் வரை நகரவில்லை. சங்கம் இல்லை, தலைவர் இல்லை, பெரும்பாலானவர்கள் ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். என் கணக்குப்படி அவர்கள்தான் முதலில் பயந்திருக்கணும். பயப்படவில்லை. ஆலை சில வாரம் மூடிக்கிடந்தது, ஆப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பில் வைத்தது, அறைகளைச் சரிசெய்ய வேண்டி வந்தது.

அவர்களை ஒன்றாக்கியது அந்த விடுதியே என்று நினைக்கிறேன். ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர், ஒரே சாப்பாடு, ஒரே நாளில் எல்லோருக்கும் வயிற்றுவலி. தேதி பிரித்து வைத்த ஆட்களை வயிற்றுவலி ஒரே தேதிக்குக் கொண்டுவந்துவிட்டது. 2020 ஆகஸ்ட் பெலாரஸிலும் அப்படித்தான். அந்த மூன்று ராத்திரி அடி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விழுந்தது. அந்த ஒற்றை நேரம் கடந்ததும் தாள் தன் வேலையைத் திரும்பத் தொடங்கியது.

2024 செப்டம்பர் 9இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் தாங்கியது. சங்கத்தைப் பதிவு செய்யணும் என்பதே முதல் கோரிக்கை. 2025 ஜனவரியில் பதிவும் கிடைத்தது. வெளியே நின்றவர்கள் நிரந்தரத் தொழிலாளர்கள். ஃபாக்ஸ்கான் பெண்களின் மறியல் ஒரு இரவும் பகலும். சாம்சங் போராட்டம் 37 நாள். தைரியம் ரெண்டு பக்கமும் இருந்தது. தாங்கி நிற்கும் நாள் கணக்கை மட்டும் தாள் தீர்மானித்தது.

ஆவடியை விட்டுவிடக் கூடாது. டி-72, டி-90 டாங்கிகள் செய்யும் கனரக வாகன ஆலை. அரசு ஆலை, நிரந்தர ஊழியர், வலுவான சங்கங்கள். மின்ஸ்க் ஆலைகளோடு ஒப்பிட இந்தப் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2021இல் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்க முடிவானது. சங்கங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்றன. உடனே ஜூன் 30இல் அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் அவசரச் சட்டம் வந்தது, வேலைநிறுத்தம் செய்தால் சிறை என்று. ஆகஸ்டில் அதுவே நாடாளுமன்றச் சட்டமானது. அக்டோபர் 1இல் வாரியம் கலைந்தது. அந்தச் சட்டத்துக்கு ஆயுள் ஒரு வருஷம் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஜனநாயக நாட்டுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வருஷ வரம்பு என்று சொல்லலாம். எதற்காகப் போட்டார்களோ அது அதற்குள் முடிந்துவிட்டது என்றும் சொல்லலாம். நான் ரெண்டாவது கட்சி.

அலெக்ஸியேவிச் இதையெல்லாம் எழுதியிருக்கணும் என்று கேட்பது நியாயமா? ஒரு எழுத்தாளர் எழுதாததற்காக அவரைத் திட்டுவது சுலபம். தனிப்பட்ட முறையில் அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. 2020இல் எதிர்க்கட்சிகளின் ஒருங்கிணைப்புக் குழுத் தலைமையில் சேர்ந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்கோ வெளிநாட்டுக்கோ போக, கடைசியில் மின்ஸ்கில் வெளியே இருந்தவர் அவர் ஒருத்தர்தான். செப்டம்பர் 28இல் ஜெர்மனிக்குக் கிளம்பினார். 72 வயதில்.

ஆனால் முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. தமிழிலேயே ஒருத்தர் செய்திருக்கிறார். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்த் தங்கி, அளத்தில் கால் வெடித்து நிற்கிற பெண்களிடம் பேசி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அலெக்ஸியேவிச்சின் கலைத்திறன் அவரிடம் இல்லை. நாவல் சில இடத்தில் அறிக்கை மாதிரி இருக்கும், பாத்திரங்கள் ஆசிரியருக்காகப் பேசும். எங்கள் வகுப்பில் அதை ‘பிரச்சார நாவல்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டார்கள். இருந்தாலும் கூலி எவ்வளவு, யார் கையால் வருகிறது, இடையில் நிற்கும் கண்ட்ராக்ட் யார், அளத்துக்காரனுக்கும் கூலிக்காரிக்கும் நடுவில் எத்தனை பேர் என்றெல்லாம் அதில் தெரியும். கேள்வி கேட்டவர் யாரென்றும் தெரியும். ராஜம் கிருஷ்ணனின் கணக்கும் அலெக்ஸியேவிச்சின் காதும் சேர்ந்த புத்தகம் ஒன்று கும்மிடிப்பூண்டிக்கு வேணும். அது மின்ஸ்குக்கும் வேணும், ஆனால் இப்போது அங்கே அதை எழுத வழியில்லை. 2022 ஏப்ரலில் சுதந்திரத் தொழிற்சங்கத் தலைவர்களைப் பிடித்தார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தச் சங்கங்களையே கலைத்தது. 2023 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் விதி 33ஐ பெலாரஸ் மேல் பயன்படுத்தியது. நூறாண்டு வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு தடவை, 2000இல் மியான்மர் மேல்தான் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இங்கே எழுத வழி இருக்கு, ஆனால் நேரம் குறைவு. 2025 நவம்பர் 21இலிருந்து நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. குறித்த கால வேலை என்பது இனிமேல் எல்லா வகைத் தொழிலுக்கும் முறையான வேலை வடிவம். ஒரு வருஷம் முடித்தால் கிராஜுவிட்டி உண்டு என்பது நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆளை ஒவ்வொரு வருஷமும் புது ஒப்பந்தத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாமா என்பதற்குத் தொகுப்பில் வரம்பு எதுவும் இல்லை. 1981 சட்டத்தை அது பேர் சொல்லி ரத்து செய்யவுமில்லை. மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதும்போது 480 நாள் நிற்குமா என்பதை இனி ஏதாவது ஒரு நீதிமன்றத்தில்தான் கேட்டாகணும். கேட்கப்போகிற ஆளுக்கு அந்த மாசம் கேட் பாஸ் வரணும்.